குழல்முனையில் இறுகிப்போன ஒலி தணிப்பான்: மரையை விடுவிப்பது எப்படி?

2023 ஜூன் 4, ஞாயிறு, இரவு

நியூசிலாந்தின் தென் தீவில் பால்பண்ணை ஒன்றில் வேலை பார்க்கும் என் தங்கை மகன் இன்று காலை அனுப்பிய கேள்வியை அப்படியே தருகிறேன்.

"மாமா, மான் துப்பாக்கியின் குழல்முனையில் திருகியிருந்த ஒலி தணிப்பான் கழல மாட்டேன் என்கிறது. ஏப்ரலில் மழையில் நனைந்து வந்த அன்று அப்படியே உறையில் போட்டு, பெட்டியில் பூட்டிவிட்டேன். நேற்றுதான் திறந்தேன். இரண்டு கையாலும் முறுக்கிப் பார்த்தேன், மயிரிழைகூட அசையவில்லை. நம் பட்டறையில் போர்வெல் பைப்பைக் கழற்றுவதுபோல் பெரிய பைப் ரிஞ்ச் போட்டு இழுக்கலாமா?"

இழுக்காதே, மாப்பிள்ளை. முப்பது ஆண்டுகளாகச் சேலத்தில் லேத் பட்டறை வைத்திருப்பவன் என்ற முறையில் முதலில் சொல்லவேண்டியது அதுதான். போர்வெல் குழாயின் சுவர் தடிமனானது, மரையும் (திருகு வரியும்) முரட்டு மரை. உன் குழல்முனையில் இருப்பது 14 மில்லிமீட்டர் விட்டமும் 1 மில்லிமீட்டர் இடைவெளியும் கொண்ட நுண்மரை. அதன் பல் ஆழம் 0.6 மில்லிமீட்டர் அளவுதான். ரிஞ்சின் பற்கள் தணிப்பானின் மெல்லிய கூட்டை நசுக்கும். நசுங்கிய கூடு உள்ளே இருக்கும் மரையை இன்னும் இறுக்கிப் பிடிக்கும்.

எதையும் தொடங்குவதற்கு முன் தோட்டாக்களை எடுத்துவிடு, தோட்டாவை உள்ளே தள்ளி மூடும் போல்ட்டைக் கழற்றித் தனியே வை, பின்புறத்திலிருந்து குழலின் உள்ளே வெளிச்சம் விட்டுப் பார். சுட்டுப்பார்த்தால் அதிர்ச்சியில் இளகிவிடும் என்று யாராவது சொன்னால் காதில் வாங்காதே.

திருகும் திசையிலும் பலர் தடுமாறுவார்கள். இது வழக்கமான வலது மரை. குழல்முனையை உன் முகத்துக்கு எதிரே கற்பனை செய்துகொண்டால், கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் திருகினால் கழலும். துப்பாக்கியின் பின்னால் நின்று பார்க்கும்போது அதே திருப்பம் கடிகாரத் திசையாகத் தெரியும். கழற்றுவதாக நினைத்து மேலும் இறுக்கியவர்களை என் பட்டறையிலேயே பார்த்திருக்கிறேன்.

2023 ஜூன் 5, திங்கள், காலை

ஏன் இறுகுகிறது என்பதை நேற்று எழுதாமல் விட்டுவிட்டேன். வெடிமருந்து எரியும்போது புகையும் கரியும் மட்டுமல்ல, நீராவியும் உண்டாகிறது. தணிப்பானின் வேலையே அந்த வாயுவை அறைகளுக்குள் நிறுத்தி, வேகத்தையும் வெப்பத்தையும் குறைத்து வெளியே விடுவதுதான். குளிர்ந்த மலையில் அந்த ஆவி உள்சுவரிலேயே தண்ணீராக மாறித் தங்கிவிடும். உன் விஷயத்தில் மழைத் தண்ணீரும் சேர்ந்தது. கரியோடு கலந்த அந்த ஈரம் ஆறு வாரங்கள் உறைக்குள் மூடிக் கிடந்திருக்கிறது. இரும்பு துருப்பிடித்தால், கரைந்த இரும்பை விடத் துரு அதிக இடத்தை அடைத்துக்கொள்ளும். மரைப் பற்களுக்கு நடுவே அந்தத் துரு வளர்ந்தால் ஆப்பு அடித்ததற்குச் சமம்.

2023 ஜூன் 5, திங்கள், இரவு

மரையில் எண்ணெய் விட்டு இரண்டு நாள் ஊறவைத்த பிறகும் வரவில்லையென்றால் புளோ லாம்ப்பால் (நெருப்புச் சுடர் வீசும் விளக்கால்) தணிப்பானின் அடிப்பகுதியைச் சூடாக்கு. போர்வெல்லுக்குள் இறக்கும் குழாயின் சாக்கெட் கழலாதபோது நாங்கள் செய்வது அதுதான். வெளிப்பகுதி விரிந்து இடம் கொடுக்கும்.

2023 ஜூன் 6, செவ்வாய், காலை

நேற்றிரவு எழுதிய குறிப்பைத் திரும்பப் பெறுகிறேன். புளோ லாம்ப்பைத் தொடவேண்டாம்.

இன்று காலை அவன் அனுப்பிய படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தபோதுதான் தணிப்பானின் உடல் அலுமினியம் என்பதும், குழல் குரோம்-மாலிப்டினம் உருக்கு என்பதும் தெரிந்தது. இரண்டும் உருக்கு என்று நானாகவே எண்ணிக்கொண்டு பதில் எழுதியது தவறு. அலுமினியக் கலவைக்கு நெருப்புச் சுடர் கூடாது. 200 டிகிரியை நெருங்கும்போதே அதன் வலிமை குறையத் தொடங்கும், பார்ப்பதற்கு எந்த மாற்றமும் தெரியாது. அடுத்த முறை சுடும்போது கூட்டுக்குள் அழுத்தத்தைத் தாங்கவேண்டிய பொருள் அது. குழலின் கருநீலப் பூச்சும் கெடும். ஊறவைத்த எண்ணெய் தீப்பிடிக்கும் என்பது இவற்றை எல்லாம் விட நேரடியான ஆபத்து.

இரண்டு உலோகங்கள் என்று தெரிந்ததும் நோயும் வேறாகிவிட்டது. உருக்கும் அலுமினியமும் ஈரத்தில் தொட்டுக்கொண்டிருந்தால் பேட்டரியில் நடப்பது போன்ற அரிப்பு நடக்கும். அதில் தேய்வது அலுமினியம். துருவுக்குப் பதிலாக வெள்ளை மாவு போன்ற ஒன்று மரையில் இறுகி நிற்கும். படத்தில் தணிப்பானின் பின் விளிம்பில் தெரிந்த வெள்ளைக் கோடு அதுதான்.

இந்த வெள்ளை மாவை நான் முதலில் பார்த்தது ஏற்காட்டில். தொண்ணூறுகளில் ஒரு காப்பித் தோட்டத்தில் மருந்து தெளிப்பான்களைப் பழுது பார்க்கப் போயிருந்தேன். பருவமழைக்கு முன் காப்பிச் செடிக்கு போர்டோ கலவை அடிப்பார்கள். 100 லிட்டர் தண்ணீருக்கு ஒரு கிலோ மயில்துத்தம், ஒரு கிலோ சுண்ணாம்பு. அடித்து முடித்ததும் தெளிப்பானைக் கழுவாமல் கொட்டகையில் சாய்த்து வைத்திருந்தார்கள். அலுமினியக் குழாயும் அதன் மேல் திருகிய பித்தளை நட்டும் ஒன்றாகிவிட்டன. மயில்துத்தத்தில் உள்ள செம்பு அலுமினியத்தைக் கடுமையாக அரிக்கும். நான் இளைஞன், அவசரக்காரன். சூடாக்கினால் எதுவும் இளகும் என்று நம்பி லாம்ப்பைக் காட்டினேன். நட்டு மேலும் இறுகியது. ரிஞ்சைப் போட்டதும் குழாய் பிதுங்கி முறுகிப்போனது. அப்படி இரண்டு குழாய்களைப் பாழாக்கினேன்.

பிறகு அங்கிருந்த வயதான மேஸ்திரி மிச்சமிருந்தவற்றை மண்ணெண்ணெயில் ஓர் இரவு போட்டுவைத்து, காலையில் கடையிலிருந்து வாங்கி வந்த ஐஸ்கட்டிக்குள் செருகி, எடுத்துத் திருகினார். பெரும்பாலானவை கழன்றன. அவர் காரணம் சொல்லவில்லை. பட்டறைக்குத் திரும்பிக் கணக்குப் போட்டபோதுதான் புரிந்தது: அலுமினியம் பித்தளையை விட அதிகம் விரியும், அதிகம் சுருங்கும். உள்ளே இருப்பது அலுமினியம் என்றால் சூடு அதை இறுக்கும், குளிர்ச்சி தளர்த்தும். அந்த வேறுபாடு மிகச் சிறியது, ஓர் இரவு ஊறிய மண்ணெண்ணெய்தான் பெரும்பகுதி வேலையைச் செய்தது. ஆனால் என் லாம்ப் எதிர்த்திசையில் வேலை செய்தது என்பதில் ஐயமில்லை.

உன் துப்பாக்கியில் அலுமினியம் வெளியே இருக்கிறது, உருக்கு உள்ளே. ஆகவே இங்கே சூடு உதவும், ஆனால் கொதிநீரின் சூடே போதும். ஒவ்வொரு டிகிரிக்கும் அலுமினியம் பத்து லட்சத்தில் 23 பங்கும், உருக்கு 12 பங்கும் விரிகின்றன. 14 மில்லிமீட்டர் விட்டத்துக்கு 80 டிகிரி ஏற்றினால் கிடைக்கும் இடைவெளி நூறில் ஒரு மில்லிமீட்டருக்குச் சற்று அதிகம். தலைமுடியின் தடிமனை விடப் பல மடங்கு குறைவுதான், ஆனாலும் எண்ணெய் நுழைய அது வழி.

2023 ஜூன் 7, புதன்

இந்தக் குறிப்புகளைப் படித்தவர்களிடமிருந்து பல யோசனைகள் வந்திருக்கின்றன. ஒவ்வொன்றாகப் பார்க்கிறேன்.

ஆத்தூர்ப் பக்கத்து ஜவ்வரிசி ஆலை அன்பர் டீசலில் ஊறவைக்கச் சொல்கிறார். டீசலும் மண்ணெண்ணெயும் மோசமில்லை, ஆனால் மெதுவானவை. அந்த நாட்டில் துரு இளக்கும் எண்ணெய் எந்தக் கடையிலும் கிடைக்கும், அதையே வாங்கட்டும்.

ஏற்காட்டிலிருந்து எழுதியவர் தேங்காய் எண்ணெய் விடச் சொல்கிறார். டிசம்பர் காலையில் ஏற்காட்டில் தேங்காய் எண்ணெய்ப் பாட்டிலை வெயிலில் வைத்துத்தானே தலைக்குத் தேய்த்துக்கொள்கிறோம்? 24, 25 டிகிரிக்குக் கீழே அது உறைந்துவிடும். தென் தீவில் இப்போது குளிர்காலம். அது மரைக்குள் நுழையாது, வெண்ணெயாக வெளியே நிற்கும். சமையல் எண்ணெய் வேறு எதுவானாலும் நாளடைவில் பிசினாகிவிடும்.

சுத்தியலால் சுற்றிலும் தட்டச் சொன்னவருக்கு: கெட்டியான நட்டில் அது நல்ல வழி, நானும் செய்கிறேன். இங்கே கூடு மெல்லியது, உள்ளே வரிசையாகத் தடுப்புத் தகடுகள் இருக்கின்றன. குண்டு அந்தத் துளைகளின் நடுவே உரசாமல் செல்லவேண்டும். ஒரு தகடு சாய்ந்தால் தணிப்பான் வெடித்துச் சிதறும் அளவுக்கு ஆபத்து. மரப்பிடியால் மென்மையாக, பின்புற மரைப்பகுதியில் மட்டும் தட்டினால் தவறில்லை.

மோட்டார் சைக்கிள் சைலன்சரும் இதுவும் ஒன்றா என்று கேட்டவருக்கு: கருத்து ஒன்றே. துப்பாக்கிக்கான சைலன்சருக்கு 1909ஆம் ஆண்டில் அமெரிக்காவில் காப்புரிமை பெற்ற ஹைரம் பெர்சி மேக்சிம் எஞ்சின் புகைக்குழாய் ஒலியைத் தணிக்கவும் அதே கருத்தைப் பயன்படுத்தினார். ஆனால் ஒலி மறைந்துவிடாது. ஒலியின் வேகத்தைத் தாண்டிச் செல்லும் குண்டு எழுப்பும் வெடிப்போசையை எந்தத் தணிப்பானாலும் நீக்க முடியாது. சுடுபவனின் செவிக்கும் பக்கத்துப் பண்ணைக்கும் ஏற்படும் பாதிப்பைக் குறைப்பதே அதன் பயன்.

2023 ஜூன் 8, வியாழன்

துப்பாக்கியை எந்தப் பக்கம் நிறுத்தி எண்ணெய் விடுவது என்று கேட்டான். முனை மேல்நோக்கி இருக்கட்டும் என்று தொலைபேசியில் சொல்லிவிட்டு, வைத்தபிறகு யோசித்து மறுபடி அழைத்தேன். முனை கீழ்நோக்கித்தான் இருக்கவேண்டும். மரை தொடங்கும் இடம் தணிப்பானின் பின்பக்கம். முனை கீழே இருந்தால் அந்த விளிம்பில் விடும் எண்ணெய் தானாக மரைக்குள் இறங்கும். முனை மேலே இருந்தால் அதே எண்ணெய் குழலின் வெளிப்புறமாக வழிந்து, கட்டையையும் (தோளில் ஊன்றும் மரப்பகுதியையும்) விசை இருக்கும் பகுதியையும் நனைக்கும். கட்டைக்குள் எண்ணெய் இறங்கினால் மரம் ஊறி, குழல் அமர்ந்திருக்கும் பிடிப்பே தளரும்.

காலையும் மாலையும் சில சொட்டுகள், மூன்று நாள். கீழே ஒரு துணியை மடித்துப் போடு.

2023 ஜூன் 9, வெள்ளி, மாலை

பிடிக்கும் முறையைப் பற்றி விரிவாக எழுதவேண்டியிருக்கிறது, ஏனென்றால் சேதம் பெரும்பாலும் இங்கேதான் நேர்கிறது.

துப்பாக்கியின் கட்டையைப் பிடித்துக்கொண்டு முனையில் முறுக்கக் கூடாது. அப்படிச் செய்தால் நீ கொடுக்கும் முறுக்கு முழுவதும் குழலின் நீளம் வழியாகப் பயணித்து, குழலும் உடலும் சேரும் மரையிலும் கட்டையின் அமர்விலும் போய் நிற்கும். குழலையே வைஸில் (மேசையில் பொருத்திய பிடிப்புக் கருவியில்) பிடிக்கவேண்டும், அதுவும் தணிப்பானுக்கு எவ்வளவு அருகில் முடியுமோ அவ்வளவு அருகில். வைஸின் இரும்புத் தாடைகள் குழலைத் தொடக் கூடாது. கெட்டியான மரக்கட்டை இரண்டை எடுத்து, நடுவில் குழலின் விட்டத்துக்கே துளையிட்டு, இரண்டாகப் பிளந்து, அந்தப் பாதிகளுக்கு நடுவே குழலை வைத்து இறுக்கு. வழுக்கினால் மரக்கட்டையில் ராசின் பொடியைத் தூவு. வயலின் வில்லுக்குத் தேய்ப்பார்களே, அதுதான். வழுக்குகிறதே என்று வைஸை மேலும் மேலும் முறுக்குவது குழலை நெளிக்கும் வழி.

தணிப்பானுக்கு பெல்ட் ரிஞ்ச். காரின் ஆயில் பில்டரைக் கழற்றும் ரப்பர் அல்லது துணிப் பட்டை போதும். அந்தப் பட்டை தணிப்பானின் பின் பகுதியில், மரை உள்ள தடித்த இடத்துக்கு மேலே அமரவேண்டும். முன்பகுதியில் போட்டால் கூடு முறுக்கிக்கொள்ளும்.

முறுக்குவதற்கு முன் ஒரு பென்சிலால் குழலிலிருந்து தணிப்பானின் அடிப்பகுதி வழியாக அதன் உடல் வரை ஒரே நேர்க்கோடு இழு. இதை வலியுறுத்திச் சொல்கிறேன். பல தணிப்பான்கள் பிரித்துச் சுத்தம் செய்யும் வகையில் இரண்டு மூன்று துண்டுகளாகத் திருகப்பட்டிருக்கும். "அப்பாடா, அசைந்தது" என்று நீ மகிழும்போது உண்மையில் கழல்வது உடலின் இணைப்பாக இருக்கலாம். இறுகிய அடிப்பகுதி குழலிலேயே நின்றுவிடும், பிடிப்பதற்கு இடமே இருக்காது. எந்தக் கோடு உடைகிறதோ அங்கேதான் அசைவு.

முதல் அசைவைக் கழற்றும் திசையில் தேடாதே. சற்றே இறுக்கும் திசையில் ஒரு சிறு வெட்டு (சட்டென்ற இழுப்பு), பிறகு கழற்றும் திசையில் ஒரு சிறு வெட்டு. காய்ந்த மாவு நொறுங்குவதற்கு நீண்ட இழுப்பை விடக் குறுகிய வெட்டுதான் உதவும்.

2023 ஜூன் 10, சனி

நம் ஊரில் இதைச் செய்யலாமா என்று இரண்டு பேர் தனியாகக் கேட்டிருக்கிறார்கள். பொதுவில் பதில் சொல்கிறேன். 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி துப்பாக்கியைப் பழுது பார்ப்பதற்கே உரிமம் வேண்டும். என்னிடம் நல்ல லேத் இருக்கிறது என்பதற்காக நான் ஒரு துப்பாக்கியை என் பட்டறைக்குள் ஏற்றுக்கொள்ள முடியாது, ஏற்றுக்கொண்டதும் இல்லை. 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு சேர்வராயன் மலையில் மான் வேட்டை என்பது குற்றம். நியூசிலாந்தின் நிலை வேறு. செம்மான் அந்த மண்ணின் விலங்கே அல்ல. 19ஆம் நூற்றாண்டில் கப்பலில் கொண்டுவந்து விடப்பட்டது, காட்டை மேய்ந்து அழிக்கிறது, அரசு நிலங்களில் அனுமதிச் சீட்டு பெற்று வேட்டையாடலாம். ஒலி தணிப்பானும் அங்கே துப்பாக்கி உரிமம் உள்ளவர்களின் சாதாரணக் கருவி. நான் இங்கே எழுதுவது மரையைப் பற்றி, அவனுக்காக.

2023 ஜூன் 12, திங்கள், இரவு

இன்று கொதிநீர் வைத்தியம். துப்பாக்கியை வைஸில் கிடையாகப் பிடித்து, முனையைச் சற்றே தாழ்த்தி, தணிப்பானின் அடிப்பகுதியில் பழந்துணியைச் சுற்றி, கெட்டிலிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக ஐந்து நிமிடம் ஊற்றினான். துணி சூட்டைப் பிடித்து வைத்துக்கொள்ளும். உடனே பட்டையைப் போட்டு ஒரு வெட்டு.

அசைந்தது. பென்சில் கோடு குழலுக்கும் அடிப்பகுதிக்கும் நடுவில் உடைந்திருக்கும் படத்தை அனுப்பினான். சரியான இடம். கால் சுற்று வந்து, மறுபடி நின்றுவிட்டது.

நான் சொன்னது: முன்னும் பின்னும் ஆட்டு, எண்ணெய் விடு, மறுபடி ஆட்டு, ஒவ்வொரு முறையும் சிறிது கூடுதலாக வரவேண்டும்.

2023 ஜூன் 13, செவ்வாய்

நேற்றைய அறிவுரையில் எனக்கே நிறைவில்லை. இரவெல்லாம் அந்தக் கால் சுற்றையே நினைத்துக்கொண்டிருந்தேன். துருவும் மாவும் மட்டும் பிடித்திருந்தால், முதல் அசைவுக்குப் பிறகு இலகுவாகவேண்டும். அசைந்த பிறகு இறுகுகிறது என்றால் இரண்டு காரணங்களில் ஒன்று. அந்தத் தணிப்பான் குழலின் மேல் பின்னோக்கியும் நீளும் வகை. அதன் பின்முனையில் குழலைத் தழுவியபடி ஒரு வளையம் இருக்கிறது, அந்த வளையத்துக்கும் குழலுக்கும் நடுவிலும் பிடித்திருக்கலாம். அல்லது அலுமினியப் பல் கிழிந்து, அந்தத் துகள் மரைக்குள் உருண்டு அடைத்துக்கொண்டிருக்கிறது. எவர்சில்வர் போல்ட்டில் எவர்சில்வர் நட்டை வேகமாக ஓட்டியவர்களுக்கு இந்தப் பிடிப்பு தெரியும். உருக்காலை இருக்கும் ஊரில் அந்தப் பாடத்தைக் கற்காத பிட்டர் இல்லை.

அவனை அழைத்துக் கேட்டேன். "இரண்டு பக்கமும் இறுக்கமாகத்தான் இருக்கிறது மாமா, ஆட்ட ஆட்ட இன்னும் இறுகுகிறது" என்றான். வளையத்தைச் சுற்றி மெல்லிய தாள் நுழைகிறதா என்று பார்க்கச் சொன்னேன். நுழைந்தது. ஆகவே பிடிப்பு வளையத்தில் இல்லை, மரையில்தான்.

இங்கே நிறுத்தவேண்டும். இதற்கு மேல் கொடுக்கும் ஒவ்வொரு வெட்டும் அந்தத் துகளைக் குழலின் மரைக்குள் உழும். தணிப்பான் கடையில் கிடைக்கும். குழல்முனை கெட்டால் குழலை வெட்டி, முனையை மறுபடி சீர் செய்து, புதிதாக மரை போடவேண்டும். எது போனால் பரவாயில்லை என்பதில் இனி யோசிக்க இடமில்லை. உரிமம் உள்ள துப்பாக்கித் தொழிலாளரிடம் கொண்டுபோகச் சொல்லிவிட்டேன்.

2023 ஜூன் 17, சனி

அங்குள்ள தொழிலாளர் நான் நினைத்த வழியையே எடுத்திருக்கிறார். தணிப்பானின் முன்பகுதியை அறுத்து நீக்கி, மரை உள்ள அடிப்பகுதியில் மில்லிங் இயந்திரத்தால் நீளவாக்கில் ஒரு பள்ளம் வெட்டி, மரைப் பல்லின் நுனியைத் தொடும் முன் நிறுத்தி, மிச்சமிருந்த மெல்லிய தோலை ஸ்குரூடிரைவரால் நெம்பிப் பிளந்திருக்கிறார். பள்ளம் வெட்டியதும் வளையத்தின் இறுக்கம் போய்விடும். பிறகு விரலால் திருகும் அளவுக்கு வந்துவிடும். இறுகி ஒட்டிய பேரிங் வளையத்தை நாங்கள் எடுப்பதும் இப்படித்தான்.

பிளந்த துண்டின் படத்தைப் பார்த்தேன். முன்பாதி மரையில் கறுப்புக் கரி. பின்பாதியில், மழைநீர் நுழைந்து தங்கிய பக்கத்தில், கெட்டியாக வெள்ளை மாவு. அதன் நடுவே கிழிந்த அலுமினியப் பல் ஒன்று சுருண்டு கிடக்கிறது. கால் சுற்றில் நின்றதற்குக் காரணம் அதுதான்.

முதல் நாளிலேயே தொழிலாளரிடம் அனுப்பியிருக்கலாமே என்று என் தங்கை கேட்டாள். நியாயமான கேள்வி. மாவு லேசாகப் பிடித்திருந்தால் கொதிநீரிலேயே வந்திருக்கும், தணிப்பானும் பிழைத்திருக்கும். அதனால் முயன்றதில் எனக்கு வருத்தமில்லை. ஜூன் 12 இரவு ஆட்டச் சொன்னதுதான் வருத்தம். முதல் கால் சுற்றிலேயே நிறுத்தச் சொல்லியிருக்கவேண்டும்.

2023 ஜூன் 24, சனி

புதுத் தணிப்பான் வாங்கிவிட்டான். அவனுக்குச் சொன்னவற்றை இங்கேயும் பதிகிறேன்.

ஒவ்வொரு முறை காட்டிலிருந்து திரும்பியதும், துப்பாக்கியைப் பெட்டியில் வைக்கும் முன் தணிப்பானைக் கழற்றிவிடவேண்டும். அதைக் காற்றாட, வாய்கள் திறந்தபடி, தனியே நிறுத்தவேண்டும். குழலின் மரையைப் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்து, துடைத்து, இறுகுவதைத் தடுக்கும் கிரீஸை விரல்நுனியில் தொட்டுப் பூசினால் போதும். அப்பிவைத்தால் அது குழல்வாய்க்கு ஏறும். திருகும்போது குழலில் மரை முடியும் இடத்தில் உள்ள தோள்பட்டை விளிம்பு முட்டும் வரை கைமுறுக்கு மட்டும். கழற்றி வைத்திருக்கும் நாட்களில் மரைக்கு மூடி போடவேண்டும்.

புதியதைப் பொருத்தியதும் சுடுவதற்கு முன் குழலின் வழியாக நேர்க்கம்பி ஒன்றை விட்டு, அது தணிப்பானின் முன்துளைக்கு நடுவே வருகிறதா என்று தொழிலாளரே பார்த்துக் கொடுத்திருக்கிறார். எடை மாறியதால் குண்டு விழும் இடமும் மாறும். தாளில் மறுபடி சுட்டு, தொலைநோக்கியைச் சரிசெய்ய வேண்டும். குழலில் மீந்திருக்கும் எண்ணெயை முழுவதும் துடைத்த பிறகுதான் அதையும் செய்யவேண்டும்.

குழல் மரையின் கடைசி இரண்டு பற்களில் சிறு குழிகள் தெரிவதாகச் சொன்னான். விளிம்புக்கு எதிரே புதுத் தணிப்பான் சுற்றிலும் சமமாக அமர்கிறதா என்று பார்க்க, குழலையும் அதையும் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் படம் எடுத்து அனுப்பச் சொல்லியிருக்கிறேன். படம் வந்ததும் இங்கே எழுதுகிறேன்.

2023 ஜூன் 25, ஞாயிறு

படம் வந்தது. சுற்றிலும் ஒளிக்கீற்று தெரியவில்லை. மரை தாங்கும்.